ராணித்தலை ரூபாய்க்கு என்ன விலை?

அத்தை பெண் கல்யாணத்துக்கு வெள்ளிக் குத்துவிளக்கு வாங்க வேண்டும். ஸ்ரீரங்கம் உத்திர வீதி வீட்டுப் பரணில் ஒரு தகர டப்பா, அதில் கொள்ளுப்பாட்டி சேர்த்து வைத்த 23 வெள்ளி ரூபாய்கள். மலைக்கோட்டைப் பக்கம் ஒரு கடைக்கு எடுத்துப் போனோம். கடைக்காரர் மேலாக இருந்த ஒரு காசை எடுத்து உரைகல்லில் தேய்த்துப் பார்த்துவிட்டு, "எல்லாம் பாதி வெள்ளிதான் மாமி" என்றார். அத்தை தலையாட்டப் போகிற நேரத்தில் நான் டப்பாவை வாங்கிக்கொண்டு வெளியே வந்துவிட்டேன். அத்தைக்குக் கோபம்தான்.

அவர் தேய்த்தது 1944-ஆம் வருடக் காசு. அதைப் பற்றி அவர் சொன்னது உண்மை. மற்ற காசுகளைப் பற்றிச் சொன்னதுதான் உண்மையில்லை. இது ஏன் என்று புரிய கொஞ்சம் சரித்திரம் வேண்டும்.

1835-க்கு முன்னால் ஊருக்கு ஒரு ரூபாய். ஆற்காடு ரூபாய், சூரத் ரூபாய், ஃபரூக்காபாத் ரூபாய் என்று எடையும் மாற்றும் வேறு வேறு. நம் பக்கத்தில் வராகனும் பணமும் வேறு புழங்கின (1818-ல் சென்னை மாகாணம் ரூபாய்க்கு மாறியபோது ஒரு நட்சத்திர வராகனுக்கு மூன்றரை ரூபாய் என்று கணக்கு). எந்தக் காசுக்கு எவ்வளவு வட்டம் கழிப்பது என்று சொல்லியே சராப்புகள் பிழைத்தார்கள். சோதித்துப் பார்த்ததற்கு அடையாளமாகக் காசில் சின்னச் சின்ன முத்திரை வேறு குத்துவார்கள். 1835-ல் கம்பெனி சர்க்கார் எல்லாவற்றுக்கும் ஒரே அளவு வைத்தது. எடை 180 கிரெய்ன், அதாவது 11.66 கிராம். பன்னிரண்டில் பதினொரு பங்கு வெள்ளி. அந்த எடைதான் ஒரு தோலா. ரூபாய்க் காசையே எடைக்கல்லாகத் தராசில் போட்ட காலம் அது. "ஒரு ரூபாய் எடை" என்று பழைய மருந்துக் குறிப்புகளில் வருவது இதுதான்.

வில்லியம், விக்டோரியா, எட்வர்டு, ஐந்தாம் ஜார்ஜ் என்று தலை மாறியதே தவிர இந்த அளவு நூறு வருடம் மாறவில்லை. ஆறாம் ஜார்ஜின் 1938, 1939 காசுகள் வரை அதே தரம். யுத்தம் வந்ததும் 1940-ல் பாதி வெள்ளியாக்கிவிட்டார்கள். மீதிப் பாதி செம்பு, நிக்கல், துத்தநாகம். 1947-ல் சுத்தமாக நிக்கல், பின்னால் புலி. இங்கிலாந்திலேயும் இதே கதைதான். அவர்களுடைய ஷில்லிங் 92.5 சதவீத வெள்ளியாக இருந்து 1920-ல் பாதியாகி, 1947-ல் வெள்ளியே இல்லாமல் போனது.

ஆகவே முதலில் பார்க்க வேண்டியது வருடம். 1940-க்கு முந்தைய ரூபாயில் 10.69 கிராம் சுத்த வெள்ளி, பிந்தையதில் 5.83 கிராம்தான். வருடம் தேய்ந்து போயிருந்தால் விளிம்பைப் பாருங்கள். 1940-க்குப் பிந்தைய காசில், கள்ளக்காசு அடிக்க முடியாதபடி, விளிம்பின் வரிகளுக்கு நடுவே ஒரு பள்ளம் ஓடும். பழைய காசில் வெறும் வரிகள் மட்டும். எங்கள் டப்பாவில் 9 காசுகள் பள்ளம் உள்ளவை, 14 இல்லாதவை. அந்தப் பதினான்கையும் பாதி வெள்ளி என்று கொடுத்திருந்தால் சுமார் 68 கிராம் வெள்ளி போயிருக்கும். கணக்கைக் காகிதத்தில் போட்டுக் காட்டியதும் அத்தையின் கோபம் கடைக்காரர் மேல் திரும்பியது!

இது உலோக விலை. சேகரிப்பவர் கொடுக்கும் விலை வேறு. அதற்கு இரண்டு விஷயம்: எவ்வளவு அரிது, எவ்வளவு தேய்ந்திருக்கிறது.

பழசு என்றாலே அரிது என்று நம் ஆட்கள் நினைக்கிறார்கள். அப்படியெல்லாம் இல்லை. டப்பாவில் 1862 ரூபாய் ஐந்து இருந்தது. "நூற்றறுபது வருஷக் காசு, லட்சம் போகுமா?" என்று சித்தப்பா கேட்டார். போகாது. 1862 என்று பொறித்த அச்சையே 1874 வரை மாற்றாமல் கோடிக்கணக்கில் அடித்தார்கள். 1840 என்று போட்ட கம்பெனி ரூபாயும் இப்படித்தான், பல வருடம் அதே தேதி. மாறாக 1939 ரூபாய் வயதில் சின்னது, ஆனால் மிக அரிது. வெளியே வந்ததே கொஞ்சம். 1940-களில் பழைய உயர்தர வெள்ளிக் காசுகளை அரசு வரிசையாகச் செல்லாததாக்கித் திரும்ப வாங்கிக்கொண்டதும் சேர்ந்தது. அரிது என்பதால் போலியும் அதிகம்.

1911 கதை தெரியுமா? ஐந்தாம் ஜார்ஜ் அங்கியில் இருக்கும் யானை பன்றி மாதிரித் தெரிகிறது என்று ஆட்சேபம் கிளம்பியது. தும்பிக்கை குட்டையாகப் போய்விட்டது, அவ்வளவுதான். சுமார் 94 லட்சம் அடித்ததில் 7 லட்சம் போல வெளியே போனதோடு நிறுத்தி, 1912-ல் யானையைச் சரிசெய்தார்கள். எங்கள் டப்பாவில் இருந்ததெல்லாம் சரியான யானைகள் :-(

தேய்மானத்தை மேடான இடங்களில் பார்க்க வேண்டும். விக்டோரியா என்றால் கிரீடம், காதுக்கு மேல் முடி, ஆடையின் பூவேலை. ஜார்ஜ் என்றால் கிரீடமும் அந்த யானையும். எட்வர்டுக்குக் கிரீடமே இல்லை, எங்கள் பாட்டி "மொட்டை ராஜா" என்பாள் (1875 டிசம்பரில் இளவரசராக இந்த ஸ்ரீரங்கத்துக்கே வந்து போனவர்!). அவருக்குக் காதும் புருவமும். எழுத்து மட்டும் படிக்க முடிந்தால் சாதா ரகம். முடி இழை இழையாகத் தெரிந்தால் எக்ஸ்ட்ரீம்லி ஃபைன். கையே படாதது அன்சர்குலேட்டட். ஒரே வருடக் காசில் இந்த முதல் படிக்கும் கடைசிப் படிக்கும் விலை பல மடங்கு மாறும். காசுமாலைக்கு வளையம் பற்றவைத்த தடம் இருந்தால் வெள்ளி விலைதான். எங்களுடையதில் இரண்டுக்கு அந்தத் தடம் இருந்தது. ஆடிப்பெருக்கில் காவிரியில் போட்டு மணலில் கிடந்து வந்த காசும் அப்படியே, மேலெல்லாம் அம்மைத் தழும்பு மாதிரிக் குழி விழுந்திருக்கும்.

வெளியூர் நண்பர்கள் கவனிக்க: கோயில் தலங்களில் விற்கும், ராமர் பட்டாபிஷேகம் பொறித்த "கிழக்கிந்தியக் கம்பெனி 1818" காசுகளைக் கம்பெனி அடிக்கவே இல்லை. அரிசியை இழுக்கும் இரிடியம் காசு என்பது சுத்த மோசடி. ரிசர்வ் வங்கி பெயரைச் சொல்லி, பழைய காசை விற்றுத் தருகிறோம், முதலில் கமிஷன் கட்டுங்கள் என்று கேட்பவர்களை நம்ப வேண்டாம் என்று அந்த வங்கியே 2021 ஆகஸ்டில் எச்சரித்தது. நூறு வருடத்துக்கு மேற்பட்ட காசு 1972 சட்டப்படி தொல்பொருள். வெளிநாட்டில் யாரோ கேட்கிறார் என்று தபாலில் அனுப்பிவிடாதீர்கள்.

கடைசியில் வேறு கடையில், வருடவாரியாகப் பிரித்து வைத்து, பாதி வெள்ளிக் காசு ஒன்பதும் தேய்ந்தவை ஏழும் கொடுத்துக் குத்துவிளக்கு வாங்கினோம். கைக்காசும் கொஞ்சம் போட வேண்டியிருந்தது. நன்றாக இருந்த ஏழை அத்தை வைத்துக்கொண்டாள்.

அந்த ஏழில் ஒன்று 1907 எட்வர்டு. புருவம், காது எல்லாம் அப்படியே இருக்கும், தேய்மானமே கிடையாது. ஆனால் எனக்குப் பன்னிரண்டு வயதாக இருந்தபோது, கறுத்துக் கிடக்கிறதே என்று, புளியும் பாத்திரம் தேய்க்கும் பவுடரும் போட்டுப் பளபளவென்று தேய்த்து வைத்தேன். காசு சேகரிக்கும் பெரியவர் ஒருவரிடம் போன மாதம் காட்டினேன். லென்ஸில் பார்த்தார். மெல்லிய கீறல்கள் வெயிலில் சிலந்தி வலை மாதிரித் தெரிந்தன.

"வெள்ளி விலைதான் தம்பி" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்.