வேலிகாத்தான்: சீமைக்கருவேலம் வந்த வரலாறும் அகற்றும் முறையும்

விழுப்புரம் மாவட்டம் மரக்காணம் உப்பளக் கடற்கரையில் சாலையோரம், ஏரிக்கரை, தரிசு நிலம் என எங்கும் காணப்படும் முள்மரம் சீமைக்கருவேலம். வட தமிழகத்தில் இதனை வேலிகாத்தான் என்பர். வயலுக்கும் தோட்டத்திற்கும் வேலியாக வைக்கப்பட்டதால் வந்த பெயர் இது. பின்னர் வேலியே பயிரை மேய்ந்த கதையாயிற்று.

இதன் தாயகம் நடு அமெரிக்கா, தென் அமெரிக்காவின் வடபகுதி, கரீபியத் தீவுகள் ஆகியன. சென்னை மாகாண வனப் பாதுகாவலர்களுள் ஒருவரான பெடோம் 1876இல் இதன் விதைகளைக் கேட்டு அரசுக்கு எழுதினார். ஜமைக்காவிலிருந்து வந்த விதைகள் 1877இல் கடப்பைப் பகுதியில் ஊன்றப்பட்டன. வறண்ட நிலத்தில் விறகு கிடைக்கச் செய்வதே நோக்கம். உவர் மண்ணையும் வறட்சியையும் தாங்குவதால் மரம் எளிதில் பரவியது. ஏழைக் குடும்பங்களுக்கு விறகும், இராமநாதபுரம் போன்ற மாவட்டங்களில் கரிமூட்டத் தொழிலும் கிடைத்தன.

ஆடுமாடுகள் இனிப்பான காய்களைத் தின்று, விதைகளைச் சாணத்துடன் புதிய இடங்களில் இடுகின்றன. கடினமான விதையுறை காரணமாக அவை மண்ணில் பல ஆண்டுகள் உயிருடன் இருக்கும். கென்யாவின் பாரிங்கோ பகுதியிலும் 1980களில் நடப்பட்ட இம்மரம் மேய்ச்சல் நிலங்களை மூடிவிட்டது.

உயர் நீதிமன்ற மதுரைக் கிளை 2017 தொடக்கத்தில் இவற்றை அகற்ற உத்தரவிட்டது. அதே ஆண்டு ஏப்ரலில் அப்பணிக்கு இடைக்காலத் தடை வந்தது. 2022இல் தமிழக அரசு அயல் ஆக்கிரமிப்புத் தாவரங்களுக்கென ஒரு கொள்கையை வெளியிட்டது. மரக்காணத்தை அடுத்த கழுவெளி ஈரநிலம் 2021 டிசம்பரில் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. ஆகவே இங்கு இம்மரத்தைக் கட்டுப்படுத்துவது பறவைகளின் வாழிடத்தைக் காக்கும் பணியுமாகும்.

வெட்டினால் மட்டும் இம்மரம் அழியாது. தண்டும் வேரும் கூடும் அடிக்கட்டையில், மண்ணுக்குள் உறங்கும் மொட்டுகள் உள்ளன. மேலே வெட்டினால் ஒரு தண்டுக்குப் பதில் பல தண்டுகள் கிளைக்கும். விறகுக்காக வெட்டுவோருக்கு இது வசதி. நிலத்தை மீட்க விரும்புவோருக்கு இது தோல்வி. எனவே அடிக்கட்டையை மண்ணுக்குக் கீழே சுமார் ஒரு அடி ஆழம் வரை தோண்டி எடுக்க வேண்டும். இளங்கன்றுகளை மழைக்குப் பின் மண் இளகியிருக்கும்போதே வேருடன் பிடுங்கலாம். புதைந்த விதைகள் முளைக்கும் என்பதால் அடுத்தடுத்த ஆண்டுகளிலும் கண்காணிப்பு தேவை.

அகற்றும் முன் மரத்தை அடையாளம் காண வேண்டும். நம் நாட்டுக் கருவேலத்தின் காய் மணிமாலைபோல் இடையிடையே குறுகி, சாம்பல் நிறமாக இருக்கும். சீமைக்கருவேலத்தின் காய் பழுத்தால் மஞ்சளாகும். அதில் அத்தகைய ஆழ்ந்த இடுக்கு இராது. முன்னதை வெட்டுதல் கூடாது.

தோண்டிய இடத்தை வெறுமையாக விட்டால் சீமைக்கருவேலமே மீண்டும் நிரப்பும். கடற்கரை ஊர்களில் பனை, பூவரசு, புங்கு ஆகியன ஏற்றவை. விறகை நம்பியுள்ள குடும்பங்களுக்கு மாற்று வழி அமைப்பதும் இப்பணியின் ஒரு பகுதியே. 1877இல் விறகுத் தேவைக்காக வந்த மரத்தை, அத்தேவையை மறந்துவிட்டு அகற்ற இயலாது.