தோட்டத்து எல்லையில் நின்றுபோன அதிகாரம்

1987இல் இலங்கையில் அதிகாரத்தைப் பகிர்ந்துகொடுக்க இரண்டு சட்டங்கள் வந்தன. ஒன்று அரசியலமைப்பின் 13ஆவது திருத்தம். மாகாண சபைகள் அதில் பிறந்தவை. மற்றது 15ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டம். வெள்ளம், வறட்சி, தொற்றுநோய் வந்தால் சனங்களுக்கு நிவாரணம் கொடுப்பதை, கொழும்பும் மாகாணமும் பொதுவாகப் பார்க்க வேண்டிய விடயங்களின் பட்டியலில் முதலாவது சட்டம் சேர்த்தது. இரண்டாவது சட்டத்தின் 33ஆம் பிரிவோ, பிரதேச சபையின் பணம் தோட்டத்துக்குள் போவதற்குத் தடையாக நின்றது.

அந்தத் தடையை நான் நேரில் பார்த்தேன். 2011இல் ஒரு பிரதேச சபைக்கு உறுப்பினராகத் தெரிவானேன். எனக்கு ஓட்டுப் போட்டவர்கள் பெரும்பாலும் தோட்டத்து வரிசை வீடுகளான லயங்களில் இருக்கிற சனம். ஒரு மழைக்காலத்தில் லயம் ஒன்றுக்குப் பின்னாலிருந்த மண்திட்டு இறங்கிக் கான் அடைபட்டது. தண்ணீர் நேராகக் காம்பராச் சுவரில் வந்து மோதியது. சுவரில் ஒரு விரல் நுழையுமளவுக்கு வெடிப்பு. பெக்கோ ஒன்றை அரை நாளைக்கு அனுப்பினால் முடிகிற வேலை. சபையில் கேட்டேன். "சேர், அது தோட்டத்துக் காணி. கணக்காய்வுல நான்தான் பதில் சொல்லணும்" என்றார் அதிகாரி. தோட்டத்து ஆபீசில் கேட்டதற்கு, மேலே எழுதியிருக்கிறோம் என்றார்கள். கடைசியில் லயத்து ஆம்பளைகளே மலையிலிருந்து இறங்கி வந்து, அலவாங்கும் மண்வெட்டியுமாக இருட்டும் வரைக்கும் கான் வெட்டினார்கள். பக்கத்தில் நின்ற அக்கா ஒருவர் என்னிடம் கேட்டார்: "தம்பி, ஓட்டுக் கேட்டு வந்தப்ப இது தோட்டத்துக் காணின்னு ஒங்களுக்குத் தெரியலையா?"

இந்த எல்லைக்கோடு 1987இல் புதிதாகப் போட்டதல்ல. கோப்பிக் காலத்திலேயே, 1872இல், தோட்டத் தொழிலாளரின் வைத்தியத் தேவைகளுக்கென்று தனியாக ஒரு கட்டளைச் சட்டம் வந்தது. 1912இல் அதை விரிவாக்கினார்கள். ஆஸ்பத்திரி அரசாங்கத்தினுடையது என்றாலும், தொழிலாளியை அங்கே கொண்டுபோய்ச் சேர்ப்பதும் செலவில் பங்கு கட்டுவதும் தோட்டத்தின் பொறுப்பு. காலராவும் அம்மையும் தீவுக்குள் வந்துவிடக் கூடாது என்று, கடலுக்கு அந்தப் பக்கம் மண்டபம் என்ற ஊரில் இலங்கை அரசாங்கம் ஒரு முகாமே நடத்தியது. ஆளைத் தோட்டத்தில் சேர்த்த பிறகு, அவருக்கு என்ன நடந்தாலும் தோட்டத்துத் துரை பார்த்துக்கொள்வார் என்பதுதான் ஏற்பாடு. 1948இன் குடியுரிமைச் சட்டத்தைத் தொடர்ந்து ஓட்டும் போனது. அதன் பிறகு இந்த ஏற்பாட்டைப் பாராளுமன்றத்தில் தட்டிக்கேட்க எங்கள் பக்கத்தில் பலமில்லை.

என் கணக்கில் இன்னொரு முக்கியமான வருடம் 1992. பிரதேச செயலாளர்கள் மாகாணத்தின் கையிலிருந்து நழுவி, மத்தியின் ஆட்களாகவே நிலைத்தது அந்த வருடத்து 58ஆம் இலக்கச் சட்டத்தால்தான். அதே வருடத்தில் அரசாங்கத் தோட்டங்களின் நிர்வாகம் கம்பனிகளுக்குப் போனது. மழை பெய்து மலை இறங்கும்போது உத்தரவு போடுகிறவர் கொழும்புக்குப் பதில் சொல்கிறார். லொறியும் சாவியும் வைத்திருக்கிறவர் கம்பனிக்குப் பதில் சொல்கிறார். இருவரில் யாருமே லயத்துச் சனத்துக்குப் பதில் சொல்ல வேண்டியதில்லை.

சுனாமிக்குப் பிறகு, 2005 மே மாதம், 13ஆம் இலக்க அனர்த்த முகாமைத்துவச் சட்டம் வந்தது. ஜனாதிபதி தலைமையில் ஒரு தேசிய சபை, அதன் கீழ் அனர்த்த முகாமைத்துவ நிலையம். முதலமைச்சர்களுக்குச் சபையில் நாற்காலி உண்டு. ஆனால் மாகாணத்துக்கென்று தனி அதிகாரசபை கிடையாது. அதே வருடக் கடைசியில் இந்தியா கொண்டுவந்த சட்டம் முதலமைச்சர் தலைமையில் மாநில அதிகாரசபையை அமைத்தது. அதைப் பார்த்து நம்மவர்கள் பலர் ஏங்குவதுண்டு. நியாயமான ஏக்கம்தான். ஆனால் 2020 ஓகஸ்ட் 6ஆம் திகதி இரவு கேரளத்தின் மூணாறு பெட்டிமுடியில் நடந்ததையும் பார்க்க வேண்டும். தேயிலைத் தோட்டத்து லயங்கள் மேல் மலை இறங்கி 70 பேர் போனார்கள், தமிழ்த் தொழிலாளர் குடும்பங்கள். மின்சாரமும் போனும் இல்லாததால் வெளியே சேதி போய்ச் சேர விடிந்துவிட்டது. மாநிலத்துக்கு அதிகாரம் இருந்தும், அது லயம் வரைக்கும் வந்திருக்கவில்லை.

நம் பக்கத்தில், ஊவாவின் கொஸ்லந்த மீரியபெத்தயில், 2014 ஒக்டோபர் 29 காலை லயங்கள் மண்ணுக்குள் போயின. அங்கே ஆபத்து இருக்கிறது என்று தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனம் 2005இலும் 2011இலும் சொல்லியிருந்தது. யார் யாரை எங்கே குடியேற்றுவது, எந்தக் காணியில், யார் செலவில் என்று முடிவெடுக்க ஆளில்லாமல் ஒன்பது வருடம் ஓடியிருந்தது.

இதில் என்னை மிகவும் உறுத்துவது மழைமானி. தோட்டத்துப் பக்கம் வளர்ந்தவர்களுக்குத் தெரியும்: காலையில் ஆபீஸ் ஆள் ஒருவர் அந்த உருளையைத் திறந்து, தண்ணீரைக் கண்ணாடிக் குழலில் ஊற்றி, அளவைப் புத்தகத்தில் எழுதுவார். துரைமார் காலத்திலிருந்து நடக்கிற வேலை. மண்சரிவு எச்சரிக்கையும் மழையளவை வைத்துத்தான்: 24 மணித்தியாலத்தில் 75 மில்லிமீற்றர் தாண்டினால் கவனம், 100 தாண்டினால் எச்சரிக்கை, 150 தாண்டினால் வெளியேற வேண்டும். எண் தோட்டத்து ஆபீசில் இருக்கிறது. வெளியேறு என்று சொல்லும் அதிகாரம் டவுனில் இருக்கிறது. மலைக்குக் கீழே படுத்திருக்கிறவரிடம் இரண்டும் இல்லை.

2018இல் பிரதேச சபைச் சட்டத்தைத் திருத்தினார்கள். தோட்டக் குடியிருப்புகளுக்கும் சபை சேவை செய்ய வழி பிறந்தது. நுவரெலியா மாவட்டத்தில் நோர்வூட், மஸ்கெலியா, கொட்டகலை, அக்கரப்பத்தனை என்று புதிய சபைகளும் வந்தன. எத்தனை வருடப் போராட்டம்! ஆனால் அதே வருட ஒக்டோபரில் மத்திய மாகாண சபையின் காலம் முடிந்தது, தேர்தல் நடக்கவில்லை. 2023 மார்ச்சில் பிரதேச சபைகளும் கலைந்து, 2025 மே வரை வெறுமனே கிடந்தன.

2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் வந்தபோது மத்திய மாகாணத்தில் முதலமைச்சர் என்று ஒருவர் இல்லை. 1947ஆம் ஆண்டின் பொதுமக்கள் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்தின் கீழ் கொழும்பிலிருந்து அவசரகால நிலை அறிவித்தார்கள். நாடு முழுவதும் 600க்கு மேற்பட்டோர் இறந்தார்கள். பதுளை, கண்டி, நுவரெலியா மாவட்டங்கள்தான் அதிகம் அடிபட்டவற்றில் சேர்ந்தவை. பாதைகள் அறுந்து கிடந்த அந்த நாட்களில் கொழும்பின் உத்தரவுக்காகக் காத்திருக்க மலையில் யாருக்கும் நேரமிருக்கவில்லை. பக்கத்து லயத்தான்தான் பக்கத்து லயத்தானைத் தோண்டினான்.

மாகாண சபைத் தேர்தலை நானும் கேட்கிறேன். அதற்குக் காத்திராமல் 2005ஆம் ஆண்டுச் சட்டத்தில் ஒரு திருத்தம் வேண்டும். தோட்டத்து டிவிஷன் ஒவ்வொன்றிலும் சட்டப்படி ஒரு குழு. அதில் கொழுந்தெடுக்கும் பெண்கள் பாதிப்பேர். மழையளவை அவர்களிடம் காலையிலேயே கொடுக்க வேண்டும். இறங்கு என்று சொல்லவும், ஸ்டோரையோ பாடசாலையையோ திறக்கவும் அவர்களுக்கு அதிகாரம் வேண்டும். அப்படி இறங்கி நிற்கிற நாளுக்குத் தோட்டம் முழுப் பேர், அதாவது முழுநாள் சம்பளம், போட வேண்டும். அரைப்பேராகிவிடுமோ என்று பயந்து, வெடித்த மலையில் கொழுந்துக்கு ஏறுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.