பழைய கணினியில் விளையாட்டுக் காணொலியைத் தடையின்றிப் பதிவு செய்வது எப்படி?

கணினி விளையாட்டுகளைப் பதிவு செய்து காணொலியாக வெளியிட விரும்பும் பலரிடம் இருப்பது சில ஆண்டுகள் பழைய கணினியே. தனியே இயங்கும்போது சீராக ஓடும் விளையாட்டு, பதிவு தொடங்கியதும் திணறுகிறது. பதிவான காட்சியும் விட்டுவிட்டு ஓடுகிறது. புதிய கணினி வாங்குவதே இதற்குத் தீர்வு எனப் பலர் கருதுகின்றனர். ஆனால், கணினியின் எந்தப் பகுதியில் நெருக்கடி ஏற்படுகிறது என்பதை முதலில் கண்டறிந்தால், பல நேரங்களில் செலவின்றியே இக்குறையைச் சரிசெய்ய இயலும்.

சுமையின் அளவு

1920-க்கு 1080 என்ற அளவிலான ஒரு படச்சட்டத்தில் சுமார் 20.7 லட்சம் புள்ளிகள் உள்ளன. விநாடிக்கு 60 படச்சட்டங்கள் வீதம் பதிவு செய்தால், சுருக்கப்படாத நிலையில் விநாடிக்கு ஏறத்தாழ 373 எம்.பி. தரவு உருவாகிறது. விளையாட்டை இயக்கிக்கொண்டே இத்தரவு முழுவதையும் கணினி உடனுக்குடன் சுருக்கிச் சேமிக்க வேண்டும்.

அளவை 1280-க்கு 720 ஆகவும், வேகத்தை விநாடிக்கு 30 படச்சட்டங்களாகவும் குறைத்தால், தரவு விநாடிக்குச் சுமார் 83 எம்.பி. ஆகிறது. இது முந்தைய சுமையில் நான்கில் ஒரு பங்குக்கும் குறைவு. கைப்பேசித் திரையில் பார்ப்போருக்கு இந்தத் தரமே பெரும்பாலும் போதுமானது. பழைய கணினியில் முதலில் மாற்ற வேண்டிய அமைப்பு இதுவே.

நெருக்கடியைக் கண்டறிதல்

2012-ஆம் ஆண்டு அறிமுகமான ஓ.பி.எஸ். ஸ்டூடியோ, கட்டணமின்றிக் கிடைக்கும் கட்டற்ற மென்பொருளாகும். விண்டோஸ், மேக், லினக்ஸ் ஆகிய மூன்றிலும் இது இயங்குகிறது. இதிலுள்ள புள்ளிவிவரச் சாளரம், தவறவிடப்பட்ட படச்சட்டங்களைக் காரணவாரியாகக் காட்டுகிறது. இரண்டு நிமிடங்கள் மட்டும் சோதனையாகப் பதிவு செய்து, அந்த எண்களைப் பார்த்த பின்னரே அமைப்புகளை மாற்ற வேண்டும்.

'ரெண்டரிங் லேக்' எண் உயர்ந்தால், கிராபிக்ஸ் பகுதியில் நெருக்கடி உள்ளது என்று பொருள். விளையாட்டே அதன் முழுத் திறனையும் எடுத்துக்கொள்வதால், பதிவு மென்பொருளுக்கு இடமில்லாமல் போகிறது. விளையாட்டின் அமைப்பில் படச்சட்ட வேகத்துக்கு 30 அல்லது 60 என உச்சவரம்பு விதிப்பதும், நிழல், நீர் போன்ற காட்சித் தரங்களைக் குறைப்பதும் இதற்குத் தீர்வாகும். ஓ.பி.எஸ்.-இன் முன்னோட்டத் திரையை அணைத்து வைப்பதும், முழுத் திரைக்குப் பதிலாக விளையாட்டை மட்டும் பதியும் 'கேம் கேப்சர்' முறையைத் தேர்ந்தெடுப்பதும் சுமையைக் குறைக்கும்.

'என்கோடிங் லேக்' எண் உயர்ந்தால், காணொலியைச் சுருக்கும் பணியில் தாமதம் உள்ளது. எக்ஸ்264 முறையில் பதிவு செய்வோர், 'வெரி ஃபாஸ்ட்' நிலையிலிருந்து 'சூப்பர் ஃபாஸ்ட்' அல்லது 'அல்ட்ரா ஃபாஸ்ட்' நிலைக்கு மாறலாம். அதே தரத்துக்குக் கோப்பின் அளவு கூடும். ஆனால் பிராசசரின் சுமை குறையும்.

இதைவிடச் சிறந்த வழி, சுருக்கும் பணியைத் தனிச் சுற்றிடம் ஒப்படைப்பதாகும். இன்டெல் நிறுவனம் 2011-ஆம் ஆண்டு வெளியிட்ட இரண்டாம் தலைமுறை கோர் பிராசசர்களிலேயே 'குவிக் சிங்க்' என்ற சுற்றை அறிமுகப்படுத்தியது. என்விடியா, ஏ.எம்.டி. நிறுவனங்களும் 2012 முதல் தங்கள் கிராபிக்ஸ் கார்டுகளில் இத்தகைய வசதியை வழங்கி வருகின்றன. எனினும், மிகப் பழைய சுற்றுகளைப் புதிய மென்பொருள் பதிப்புகள் ஏற்பதில்லை. ஓ.பி.எஸ்.-இன் வெளியீட்டு அமைப்பில் அந்தப் பெயர் தோன்றினால் மட்டுமே பயன்படுத்த இயலும். பெயர் தோன்றாவிடில், கிராபிக்ஸ் டிரைவரைப் புதுப்பித்துப் பார்ப்பது நல்லது.

சேமிப்பும் மின்தடையும்

விநாடிக்கு 5,000 கிலோபிட் வீதம் பதிவு செய்தால், ஒரு மணி நேரக் காணொலிக்குச் சுமார் 2.25 ஜி.பி. இடம் தேவை. இந்த வேகத்தைப் பழைய ஹார்ட் டிஸ்க்கும் தாங்கும். ஆனால், இயங்குதளம், விளையாட்டு, பதிவு ஆகிய மூன்றும் ஒரே டிஸ்க்கை நாடும்போது தடங்கல் ஏற்படலாம். காணொலியை வேறொரு டிஸ்க்கில் சேமிப்பது இதைத் தவிர்க்கும்.

மின்தடை ஏற்படும் பகுதிகளில் எம்.கே.வி. வடிவில் பதிவு செய்வதே பாதுகாப்பானது. வழக்கமான எம்.பி.4 கோப்பு பாதியில் நின்றால் திறக்க முடியாமல் போகலாம், எம்.கே.வி. கோப்பில் அதுவரை பதிவான பகுதி எஞ்சும். பின்னர் ஓ.பி.எஸ்.-இலேயே, தரம் குறையாமல் எம்.பி.4 ஆக மாற்றிக்கொள்ளலாம்.

வெப்பமும் காரணம்

முதல் பத்து நிமிடங்கள் சீராக ஓடிய பதிவு அதன்பின் திணறினால், வெப்பமே காரணமாக இருக்கக்கூடும். சூடு வரம்பை மீறும்போது, பிராசசர் தன்னைக் காத்துக்கொள்ளத் தன் வேகத்தைக் குறைத்துக்கொள்கிறது. பொள்ளாச்சி - கொல்லங்கோடு சாலையில் உள்ள கேரள எல்லை ஊரான கோவிந்தாபுரம் போன்ற இடங்களில் இது முக்கியமானது. கோடையில் பாலக்காடு மாவட்டத்தின் வெப்பநிலை 40 டிகிரி செல்சியஸைத் தொடுவது உண்டு. மின்விசிறியில் படிந்த தூசியை நீக்குவதும், மடிக்கணினியைப் படுக்கையில் வைக்காமல் மேசையில் வைப்பதும், சார்ஜரை இணைத்தே பதிவு செய்வதும் பலன் தரும்.

இயங்குதளமும் கேரள அனுபவமும்

விண்டோஸ் 10-க்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிவடைந்தது. ஓ.பி.எஸ். ஸ்டூடியோவும் 2022-இல் வெளியான 28-ஆம் பதிப்பு முதல் விண்டோஸ் 7, 8 ஆகியவற்றை ஏற்பதில்லை. இதனால் நல்ல நிலையில் உள்ள கணினிகளும் கழித்துக் கட்டப்படும் நிலை உருவாகிறது.

இதற்கு மாற்று வழி கேரளப் பள்ளிகளில் நடைமுறையில் உள்ளது. 2001-இல் தொடங்கிய ஐ.டி. அட் ஸ்கூல் திட்டம் 2017-இல் கைட் என்ற அரசு நிறுவனமாக மாறியது. அரசுப் பள்ளிக் கணினிகளில் கட்டற்ற மென்பொருளே பயன்படுத்தப்படுகிறது. உபுண்டுவை அடிப்படையாகக் கொண்டு கைட் தன் சொந்த இயங்குதளத்தையும் வெளியிட்டுள்ளது. 2018-இல் தொடங்கப்பட்ட லிட்டில் கைட்ஸ் மன்றங்களில் மாணவர்கள் அனிமேஷன், நிரலாக்கம் உள்ளிட்டவற்றைக் கற்கின்றனர். தாமே உருவாக்கிய விளையாட்டைப் பதிவு செய்ய விரும்பும் மாணவருக்கு இத்தகைய கணினியே போதும்.

எனினும், விண்டோஸுக்காக உருவாக்கப்பட்ட எல்லா விளையாட்டுகளும் லினக்ஸில் இயங்குவதில்லை. மாறுவதற்கு முன் இதை உறுதி செய்துகொள்ள வேண்டும்.

கவனிக்க வேண்டியவை

பதிவின்போது திரையில் தோன்றும் ஓ.டி.பி., மின்னஞ்சல் அறிவிப்புகளும் காணொலியில் இடம்பெறக்கூடும். எனவே அறிவிப்புகளை அணைத்துவிட்டு, பிற செயலிகளையும் பிரவுசரையும் மூடிய பின்னரே பதிவைத் தொடங்க வேண்டும். உடன் விளையாடுவோரின் குரலைப் பதிவு செய்வதற்கு அவர்களின் இசைவைப் பெறுவதும் அவசியம்.

இத்தனைக்குப் பிறகும் தடங்கல் நீடித்தால், எஸ்.எஸ்.டி. பொருத்துவதும் ரேமை 8 ஜி.பி.யாக உயர்த்துவதும் அடுத்த படி. தனி கிராபிக்ஸ் கார்டு இல்லாத கணினிகளில், ஒரே ரேமுக்குப் பதிலாக இணையான இரு ரேம்களைப் பொருத்தினால் கிராபிக்ஸ் திறனும் கூடும். இவையும் பயன் தராதபோதே புதிய கணினி குறித்து முடிவெடுக்க வேண்டும்.