பூச்சியில் படைப்பாளியைத் தேடிய காலம்

அழுகலிலிருந்து தானே தோன்றும் அற்ப உயிர்கள் என்று ஐரோப்பா ஒதுக்கிவைத்திருந்த பூச்சிகளுக்கு, 17-ஆம் நூற்றாண்டின் நுண்ணோக்கி புது மதிப்பைத் தந்தது. அந்த மாற்றத்தில் ஆம்ஸ்டர்டாமின் யான் ஸ்வாமர்டாமுக்கு (1637–1680) தனி இடம் உண்டு. தேனீக் கூட்டின் ‘அரசன்’ எனப்பட்டதை அறுத்துப் பார்த்து, உள்ளே சூலகங்களைக் கண்டு, அது பெண்ணே என்று காட்டினார். பேனின் உடலுக்குள்ளும் அவர் கண்டது கடவுளின் கைவண்ணத்தையே. நெடுநாள் நீரடியில் புழுவாய்க் கிடந்து, சிறகு முளைத்த சில மணி நேரத்தில் மடியும் பூச்சியொன்றைப் பற்றி 1675-இல் நூல் எழுதினார். மனித வாழ்வின் நிலையாமை அதில் அவருக்குத் தெரிந்தது. நுட்பமான ஆய்வும் உருக்கமான பக்தியும் அந்நூலில் பிரிக்க முடியாதபடி கலந்திருக்கின்றன.

இதே நோக்கில் இங்கிலாந்தில் இயற்கையியலாளர் ஜான் ரே 1691-இல் படைப்பில் வெளிப்படும் இறைஞானம் பற்றி எழுதினார். 1738-இல் ஜெர்மானியப் போதகர் லெஸ்ஸர் ‘பூச்சி இறையியல்’ என்றே நூலுக்குப் பெயரிட்டார்.

பூச்சிகள் மீதான இந்த ஆர்வம் தரங்கம்பாடிக்கும் வந்தது. இயற்கையியலாளர் லின்னேயஸின் மாணவர் கோனிக் 1768-இல் அங்கு கிறிஸ்தவ மிஷன் மருத்துவராக வந்தார். கரையான்களைப் பற்றிய அவரது கட்டுரை 1779-இல் ஜெர்மன் மொழியில் வெளியானது.