வல்வில்லும் வாய்த்த அம்பும்

சேவூரும் ஆரணியும் உள்ளிட்ட திருவண்ணாமலை மாவட்டத்தின் மேற்பால் அமைந்தது செங்கம். அவ்வட்டாரத்துப் பல்லவர் கால நடுகற்கள் பல, ஆநிரைப் பூசலிற் பட்ட வீரர்க்கு எடுக்கப்பெற்றவை. அவற்றுட் பலவற்றில் வீரன் ஒரு கையில் வில்லும் மறு கையில் வாளும் ஏந்தி நிற்கின்றான். வில்லின் வளைவைக் கல் காட்டுகின்றது. அம்பின் தகுதியைக் காட்டுதற்கில்லை.

இலக்கியம் பயில்வோரும் 'வல்வில்' என்னும் தொடரை வில்லின் வன்மை ஒன்றற்கே உரியதாகக் கொள்வர். அது நிரம்பிய பொருளன்று. நாணை விடுத்த நொடியில் அம்பு நேரே செல்வதில்லை. பின்னிருந்து உந்தப்பெற்று வளைந்து, வில்தண்டை ஒட்டிக் கடந்து, பின்னரே நிமிர்கின்றது. 1930களில் எடுக்கப்பெற்ற அதிவேகப் படங்கள் இதனைத் தெளிவாகக் காட்டின. ஆதலின் வில்லின் இழுவிசைக்கேற்ற விறைப்பு அம்புக்கோலுக்கு வேண்டும். விறைப்புக் குறைந்த கோல் இலக்கின் ஒருபுறமும், மிக்கது மறுபுறமும் விலகும். கோலின் நீளத்தைக் குறைப்பின் விறைப்பு மிகும். முனையைக் கனமாக்கின் வளைவு மிகும். வில்லுக்கு அம்பை இயைவிக்கும் தொழில் இதுவே.

கொல்லிமலைத் தலைவன் வல்வில் ஓரியின் ஓரம்பு யானை, புலி, மான், பன்றி, உடும்பு ஆகிய ஐந்தையும் வீழ்த்தியதாகப் புறநானூற்று 152ஆம் பாட்டில் வன்பரணர் பாடினார். அஃது உயர்வு நவிற்சியே ஆயினும், மென்கோல் வல்வில்லின் உந்துவிசைக்கு ஆற்றாது முறியும் என்பது உண்மை. எனவே 'வல்வில்' என்னும் அடை, எய்தவனோடு, அவ்வில்லுக்கேற்பக் கோல் தேர்ந்து திருத்திய, பெயர் அறியப்படாத கைவினைஞனையும் குறிப்பாற் போற்றுவதாகக் கொள்ளல் தகும்.