மார்ஸ் பாத்ஃபைண்டர் கணினிக் கோளாறு

மார்ஸ் பாத்ஃபைண்டர் கணினிக் கோளாறு என்பது 1997 ஜூலையில் செவ்வாய்க் கோளில் இறங்கிய நாசாவின் பாத்ஃபைண்டர் விண்கலத்தின் கணினி, முன்னறிவிப்பின்றித் திரும்பத் திரும்பத் தன்னைத் தானே மீளத் தொடங்கிக்கொண்ட நிகழ்வைக் குறிக்கும். காரணம் தெரியாமல் அவ்வப்போது உறைந்துபோகும் கணினியின் பழுதை எவ்வாறு கண்டறிவது என்பதற்குக் கணினியியல் வகுப்புகளில் இன்றும் இது எடுத்துக்காட்டாகக் கூறப்படுகிறது.

பின்னணி

பாத்ஃபைண்டர் 1996 டிசம்பர் 4 அன்று ஏவப்பட்டு, 1997 ஜூலை 4 அன்று செவ்வாயின் ஏரிஸ் வாலிஸ் என்னும் பகுதியில் காற்றுப்பைகளின் உதவியுடன் இறங்கியது. அதனுள் இருந்த சோஜர்னர் என்னும் சிறு ஊர்தியின் எடை சுமார் 10.5 கிலோகிராம். இறங்குகலம் ஒரு மாத காலமும் ஊர்தி ஒரு வார காலமும் இயங்கினால் போதும் என்றே திட்டமிடப்பட்டிருந்தது. ஆகவே ஒவ்வொரு நாளும் மதிப்புடையதாக இருந்தது.

கலத்தை இயக்கியது ஒரே ஒரு கணினி. அதில் விண்ட் ரிவர் நிறுவனத்தின் விஎக்ஸ்வொர்க்ஸ் என்னும் இயங்குதளம் இருந்தது. இத்தகைய இயங்குதளத்தில் ஒவ்வொரு பணிக்கும் ஒரு முன்னுரிமை உண்டு. உயர்ந்த முன்னுரிமையுள்ள பணி வந்தால், தாழ்ந்த பணி இடைநிறுத்தப்படும்.

கோளாறு

கலம் இறங்கிய சில நாள்களில், வானிலைத் தரவுகளைச் சேகரிக்கத் தொடங்கிய பிறகு, கணினி மீளத் தொடங்கலாயிற்று. ஏற்கெனவே சேகரித்த அறிவியல் தரவுகள் அழியவில்லை. ஆனால் அன்றைய எஞ்சிய வேலைகள் நின்றுபோய், மறுநாளுக்குத் தள்ளிப்போயின. கணினி பல வேலைகளை ஒரே நேரத்தில் செய்ய முயன்றதே காரணம் என்று செய்தித்தாள்கள் எழுதின. அது முழு விளக்கம் அன்று.

கணினியைத் தொட்டுப் பார்க்க வழியில்லை. பூமியிலிருந்து ஓர் அலைச் செய்தி சென்று சேரவே ஏறத்தாழ 10 நிமிடம் ஆனது.

காரணம்

கலத்தின் கருவிகளுக்கும் கணினிக்கும் இடையே தரவுகள் நொடிக்கு 8 முறை ஒரு பொதுப் பாதை வழியாகப் பரிமாறப்பட்டன. அத்தரவுகளைப் பகிர்ந்தளிக்கும் பணிக்கு உயர்ந்த முன்னுரிமையும், வானிலைப் பணிக்குத் தாழ்ந்த முன்னுரிமையும் தரப்பட்டிருந்தன. இரண்டும் ஒரே பூட்டைப் பயன்படுத்தின. மியூட்டெக்ஸ் எனப்படும் இப்பூட்டை ஒரு நேரத்தில் ஒரு பணி மட்டுமே வைத்திருக்க முடியும்.

இதைப் பள்ளி நூலகத்தின் ஒரே சாவியோடு ஒப்பிடலாம். ஒரு மாணவன் சாவியை வாங்கிச் சென்றிருக்கிறான். தலைமையாசிரியருக்கு அச்சாவி தேவைப்படுகிறது, காத்திருக்கிறார். சாவியைத் திருப்பித் தர வரும் மாணவனை வழியில் ஓர் ஆசிரியர் நிறுத்தி, வேறு வேலைகளை ஏவுகிறார். தலைமையாசிரியர் காத்திருப்பது அவருக்குத் தெரியாது. விளைவாக, ஆசிரியரின் வேலைக்காகத் தலைமையாசிரியர் காத்திருக்க நேர்கிறது. இந்நிலையே முன்னுரிமைத் தலைகீழாதல் எனப்படும்.

பாத்ஃபைண்டரிலும் இதுவே நடந்தது. வானிலைப் பணி பூட்டை வைத்திருந்த மிகச் சிறிய இடைவெளியில், நடுத்தர முன்னுரிமைப் பணிகள் அதை நிறுத்திவைத்தன. பகிர்ந்தளிக்கும் பணி உரிய நேரத்தில் முடியவில்லை. அடுத்த சுழற்சியைத் தொடங்க வந்த பணி, முந்தையது முடியாததைக் கண்டு, பெரும் பிழை நேர்ந்துள்ளதாகக் கருதிக் கணினியை மீளத் தொடக்கியது. அந்த இடைவெளி அரிதாகவே வாய்த்ததால் கோளாறு எப்போது வரும் என்று சொல்ல முடியவில்லை.

கண்டறிதலும் திருத்தமும்

மென்பொருள் குழுவுக்குத் தலைமை வகித்தவர் ஜெட் உந்து ஆய்வகத்தைச் சேர்ந்த கிளென் ரீவ்ஸ். ஆய்வகத்தில் கலத்தின் கணினியை ஒத்த மற்றொன்று இருந்தது. பணிகள் எந்த வரிசையில் இயங்கின, எந்தப் பூட்டை எப்போது எடுத்தன என்பதைப் பதிவுசெய்யும் வசதியை இயக்கி, செவ்வாயில் நடந்த அதே வேலைகளை அதில் ஓட்டினர். பல மணி நேரத்துக்குப் பின் கோளாறு அங்கும் தோன்றியது. பதிவேட்டைப் படித்ததும் காரணம் விளங்கிற்று.

தீர்வு இயங்குதளத்திலேயே இருந்தது. பூட்டை உருவாக்கும்போது முன்னுரிமை மரபுரிமை என்னும் வசதியை இயக்கினால், பூட்டை வைத்திருக்கும் பணி, அதற்காகக் காத்திருப்பவரின் முன்னுரிமையைத் தற்காலிகமாகப் பெறும். மேற்கண்ட உவமையில், தலைமையாசிரியர் காத்திருக்கும்வரை மாணவனை வேறு யாரும் நிறுத்த முடியாது. அவ்வசதி அணைக்கப்பட்டிருந்தது. அதை இயக்குவதால் வேறு பகுதிகள் பாதிக்கப்படுமா என்று ஆராய்ந்து, சோதித்த பிறகே மாற்றத்தைக் கலத்துக்கு அனுப்பினர். கட்டளைகளை நேரடியாகச் செவ்வாயில் தட்டச்சு செய்து சரிசெய்ததாக ஒரு கதை பரவியது. பழைய மென்பொருளுக்கும் புதியதற்கும் உள்ள வேறுபாடுகளை மட்டும் அனுப்பும் முறையே பின்பற்றப்பட்டதாக ரீவ்ஸ் விளக்கியுள்ளார்.

முன்னோடி ஆய்வு

இத்தீர்வை முறையாக ஆராய்ந்து 1990 இல் கட்டுரை வெளியிட்டவர்கள் லூயி ஷா, இரகுநாதன் ராஜ்குமார், ஜான் லெகோட்ஸ்கி ஆகியோர். இவர்களுள் ராஜ்குமார் சென்னைப் பல்கலைக்கழகத்தில் பொறியியல் பட்டம் பெற்று, அமெரிக்காவின் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்றவர். 1997 டிசம்பரில் நடந்த ஒரு கருத்தரங்கில் விண்ட் ரிவரின் டேவிட் வில்னர் இந்நிகழ்வை விவரித்தபோது மூவரும் அவையில் இருந்தனர். அவையோர் அவர்களைக் கைதட்டிப் பாராட்டினர்.

முக்கியத்துவம்

இக்கோளாறு ஏவுதலுக்கு முன் நடந்த சோதனைகளிலும் தலைகாட்டியிருந்தது. மீண்டும் வரவழைக்க முடியாததாலும், தரையிறங்கும் மென்பொருளுக்கே முதலிடம் தரவேண்டியிருந்ததாலும் காரணம் அறியப்படாமல் போயிற்று. ஒருமுறை வந்து மறைந்த பழுது நீங்கிவிட்டதாகாது என்பது இதன் முதற்பாடம். பதிவேடு வைத்தல், அதே சூழலில் பழுதை மீண்டும் வரவழைத்தல், காரணம் தெரிந்தபின் ஒன்றை மட்டும் மாற்றிச் சோதித்தல் ஆகியவை வீட்டு மடிக்கணினிக்கும் பொருந்தும்.

திருத்தத்துக்குப் பின் கலம் தொடர்ந்து பணியாற்றியது. 1997 செப்டம்பர் 27 அன்று கடைசியாகத் தரவு அனுப்பும்வரை, இறங்குகலத்திலிருந்து மட்டும் 16,500 படங்கள் பூமிக்கு வந்து சேர்ந்தன.