கணினி இயங்க மறுக்கிறதா? திருத்தக் கொடுப்பதற்கு முன் தெரிந்திருக்க வேண்டியவை

வடக்கு, கிழக்கில் பல வீடுகளில் இருக்கும் பழைய கணினி பிள்ளைகளின் படிப்புக்கென்று வாங்கப்பட்டது. காலப்போக்கில் அது குடும்பத்தின் ஆவணப் பெட்டியாகவும் மாறிவிட்டது. 2009இல் இறுதி இடப்பெயர்வின்போது புகைப்பட அல்பங்களையும் பத்திரங்களையும் கைவிட்டு வந்த குடும்பங்கள் பல. பிற்பாடு வெளிநாட்டில் உள்ள உறவினர் அனுப்பிய ஓரிரு படங்கள், காணாமல் ஆக்கப்பட்ட மகனுக்காகக் கொடுத்த முறைப்பாட்டின் பிரதி, சர்வதேச செஞ்சிலுவைக் குழுவின் கடிதம், காணி உறுதி என்று எல்லாம் ஸ்கேன் செய்யப்பட்டு அந்தக் கணினிக்குள்தான் கிடக்கின்றன.

அது ஒருநாள் இயங்க மறுத்தால் பதற்றம் வருவது இயல்பு. ஆனால் கணினி இயங்காமல் போனால் அதிலுள்ளவையும் அழிந்துவிட்டன என்று பொருளல்ல. படங்களும் ஆவணங்களும் இருப்பது வன்தட்டில். பெரும்பாலான வேளைகளில் பழுதாவது வேறு ஏதாவது ஒரு பாகம். பலர் தங்கள் கோப்புகளை இழப்பது பழுதினால் அல்ல, திருத்தும்போது 'போர்மட்' செய்வதால்தான். வின்டோஸை அழித்துப் புதிதாகப் போடுவது இலகுவான வழி என்பதால் சில கடைகளில் கேட்காமலே அதைச் செய்துவிடுகிறார்கள்.

ஆகவே என்ன அறிகுறி தெரிகிறது என்பதை முதலில் கவனியுங்கள்.

வெளிச்சமும் இல்லை, சத்தமும் இல்லை

மின்சாரம் கணினிக்குப் போய்ச் சேரவில்லை. அதே பிளக்கில் தொலைபேசி சார்ஜரைச் செருகிப் பாருங்கள். யூ.பி.எஸ். இருந்தால் அதை விலக்கிவிட்டு, கணினியை நேரடியாகச் சுவர் பிளக்கில் இணையுங்கள். யூ.பி.எஸ். பற்றரி சில வருடங்களில் பலமிழந்துவிடும். கணினிப் பெட்டியின் பின்பக்கத்தில் உள்ள சிறிய சுவிட்ச் அணைந்திருக்கிறதா என்றும் பாருங்கள். வேறொரு கேபிளையும் மாற்றிப் பாருங்கள்.

இத்தனைக்கும் பிறகும் அசைவில்லை என்றால் பவர் சப்ளை பழுதாகியிருக்கலாம். மின்னல் தாக்கத்தாலும், மின்சாரம் அடிக்கடி நின்று வருவதாலும் முதலில் பாதிக்கப்படுவது பெரும்பாலும் அதுதான். அதைப் புதிதாக மாற்றலாம். ஆனால் அந்தப் பெட்டியை வீட்டில் திறக்க வேண்டாம். மின்சாரத்தைத் துண்டித்த பின்னரும் உள்ளே ஆபத்தான மின்னேற்றம் தங்கியிருக்கும்.

மடிக்கணினி என்றால் சார்ஜரைக் கழற்றிவிட்டு, பற்றரியைக் கழற்ற முடியுமானால் அதையும் கழற்றி, பவர் பொத்தானை 30 செக்கன் அழுத்திப் பிடியுங்கள். பிறகு சார்ஜரை மட்டும் இணைத்து இயக்கிப் பாருங்கள்.

மின்விசிறி சுழல்கிறது, திரை கறுப்பாக இருக்கிறது

திரைக்கு மின்சாரம் வருகிறதா, அதன் கேபிள் இறுக்கமாக இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். பென் டிரைவ், பிரிண்டர் போன்ற அனைத்தையும் கழற்றுங்கள்.

அடுத்தது ராம் எனப்படும் நினைவக அட்டை. தூசியாலும் ஈரப்பதனாலும் அதன் தொடுமுனைகள் மங்கிப்போவது எமது காலநிலையில் சாதாரணம். பீப் என்ற சத்தம் திரும்பத் திரும்பக் கேட்பது அதன் அறிகுறியாக இருக்கலாம். மின்சாரத்தை முழுமையாகத் துண்டித்து, கணினிப் பெட்டியின் உலோகப் பகுதியைக் கையால் ஒருமுறை தொட்டுவிட்டு அட்டையைக் கழற்றுங்கள். பொன்னிறத் தொடுமுனைகளைப் பென்சில் அழிறப்பரால் மெதுவாகத் துடைத்து, இரு பக்கமும் 'கிளிக்' என்று பொருந்தும்வரை மீண்டும் அழுத்துங்கள். இதனால் வன்தட்டுக்கு எந்தப் பாதிப்பும் வராது.

திகதி பிழை, வன்தட்டைக் காணவில்லை

திரையில் வன்தட்டு இல்லை என்ற பொருளில் ஆங்கில வசனம் வந்தால், மறந்துபோய்ச் செருகியிருக்கும் பென் டிரைவைக் கழற்றிவிட்டு மீண்டும் இயக்குங்கள். கணினியின் திகதி பல வருடங்கள் பின்னோக்கிக் காட்டினால், மதர்போர்டில் உள்ள நாணயம் போன்ற சிறிய பற்றரி தீர்ந்திருக்கக்கூடும். பெரும்பாலும் அது சீ.ஆர். 2032 என்ற 3 வோல்ட் பற்றரி, கடைகளில் மலிவாகக் கிடைக்கும். வன்தட்டின் கேபிள் தளர்ந்திருக்கிறதா என்பதையும் பாருங்கள்.

வின்டோஸ் பாதியில் நிற்கிறது

அடுத்தடுத்துச் சில தடவைகள் இயங்கத் தவறினால் வின்டோஸ் தானாகவே திருத்தும் திரையைக் காட்டும். அதில் 'ஸ்டார்ட்அப் ரிப்பெயார்' என்பதைத் தெரிவு செய்யலாம். 'ரிமூவ் எவ்ரிதிங்' என்பதை அழுத்தவே வேண்டாம். அது எல்லாவற்றையும் அழித்துவிடும்.

புதிய மடிக்கணினிகள் சிலவற்றில் 48 இலக்கத் திறவுகோலைக் கேட்கும் நீலத் திரை வரலாம். அது பிட்லொக்கர் பாதுகாப்பு. அந்த இலக்கம் பெரும்பாலும் உங்கள் மைக்ரோசொப்ட் கணக்கில் பதிவாகியிருக்கும். வேறொரு தொலைபேசியில் அந்தக் கணக்குக்குள் சென்று பாருங்கள்.

'டிக் டிக்' என்ற சத்தம் கேட்டால்

வன்தட்டிலிருந்து தட்டுவது போலவோ உராய்வது போலவோ சத்தம் வந்தால் உடனே அணைத்துவிடுங்கள். மீண்டும் மீண்டும் இயக்கும் ஒவ்வொரு தடவையும் உள்ளிருக்கும் தட்டு மேலும் கீறுப்படலாம். தட்டிப் பார்ப்பது, குளிர்சாதனப் பெட்டியில் வைப்பது போன்ற கைவைத்தியங்கள் வேண்டாம். தரவு மீட்பில் அனுபவமுள்ளவரிடம்தான் அதைக் கொடுக்க வேண்டும்.

சத்தம் எதுவும் இல்லையென்றால் நம்பிக்கை அதிகம். வன்தட்டைக் கழற்றி, யூ.எஸ்.பி. உறையில் போட்டு வேறொரு கணினியில் இணைத்தால் கோப்புகளைப் பிரதி எடுத்துவிடலாம். இணைத்ததும் 'போர்மட் செய்யவா?' என்று கணினி கேட்டால் 'இல்லை' என்றே சொல்லுங்கள்.

கடைக்குக் கொடுக்கும்போது

முடியுமானால் வன்தட்டைக் கழற்றி வீட்டில் வைத்துவிட்டு மிகுதியை மட்டும் கொடுங்கள். வன்தட்டையும் கொடுக்க வேண்டியிருந்தால், போர்மட் செய்யக்கூடாது என்று வாயால் சொல்வதோடு நிற்காமல் பற்றுச்சீட்டிலும் எழுதச் சொல்லுங்கள். வன்தட்டின் தொடரிலக்கத்தைத் தொலைபேசியில் படம் எடுத்து வையுங்கள்.

இன்னொன்றையும் மறக்க வேண்டாம். முறைப்பாடுகளில் சாட்சிகளின் பெயர்களும் தொலைபேசி இலக்கங்களும் இருக்கும். கண்காணிப்பு ஓயாத எமது ஊர்களில் அவை யார் கையில் போய்ச் சேர்கின்றன என்பது சின்ன விடயம் அல்ல. அறிமுகமானவரிடம் கொடுங்கள். கோப்புகளைப் பிரதி எடுக்கும்போது பக்கத்திலேயே இருங்கள்.

கணினி மீண்டும் இயங்கினால், வேறு எதையும் செய்வதற்கு முன் இரண்டு பிரதிகள் எடுத்துவிடுங்கள். ஒன்று வீட்டில் இருக்கட்டும். மற்றது வேறு ஊரிலோ வெளிநாட்டிலோ இருக்கும் உறவினரிடம் இருக்கட்டும். மதர்போர்டும் பவர் சப்ளையும் கடையில் கிடைக்கும். பிள்ளையின் ஒரே படம் எந்தக் கடையிலும் கிடைக்காது.